செஞ்சி மலையும் சித்திரக்காரன் கண்ணும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் செஞ்சியைக் கடக்கிறவர்கள் எல்லோரும் ராஜகிரியை ஒரு தடவையாவது அண்ணாந்து பார்க்கத்தான் செய்கிறார்கள். ஏறத்தாழ 800 அடி உயரம், பாறையின்மேல் பாறை, பாறைகளுக்கு இடையே மதில். மலை எங்கே முடிகிறது, மனிதன் கட்டியது எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

இந்தக் காட்சியை எப்படிச் சித்திரமாக எழுதுவது? கல்லைக் கல்லாகவே எழுதுவது ஒரு முறை. மலைக்கோட்டை மனத்தில் எழுப்பும் உணர்ச்சியை எழுதுவது மற்றொரு முறை. நம் செய்யுள் இலக்கணம் 'உள்ளுறை' என்று சொல்வதற்கு இது நெருங்கிய உறவு. 1874-ல் ருஷ்யாவில் பிறந்து, 1928 முதல் குலு பள்ளத்தாக்கில் வாழ்ந்து, 1947-ல் அங்கேயே காலமான நிக்கோலாஸ் ரோரிக் இந்த வழியில் கைதேர்ந்தவர். இமயத்து மலைகளையும், அவற்றின்மேல் நிற்கும் கோட்டைகளையும் மடங்களையும் அவர் எழுதியபோது, சில்லறை விவரங்களைத் துணிந்து விட்டுவிட்டார். நீலமும் ஊதாவுமாகச் சிகரமும் சுவரும் ஒன்றாகிவிடும். மனிதன் இருந்தால் எறும்பளவு இருப்பான். அப்படங்களில் சிலவற்றைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா கலைக்கூடம் பாதுகாத்து வருகிறது.

செஞ்சியை இத்தகைய கண்ணால் பார்த்தவர் யாரேனும் உண்டா? உண்டு. ஆனால் அவன் கையில் தூரிகை இல்லை. அவன் கிராமத்துக் கதைப்பாடகன்! 1677-ல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் தஞ்சம் புகுந்த பிறகு, 1698 வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மொகலாயப் படையை எதிர்த்து நின்ற கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் பிடித்த கோட்டை. இத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு, ஓராண்டுகூட ஆளாமல் 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட இளைஞன் தேசிங்கையே பாடகன் தேர்ந்தெடுத்தான். அவன் பக்கத்தில் உயிர்த்தோழனாக ஒரு முஸ்லிம் வீரனையும் நிறுத்தினான். அதனால் அந்த யுத்தத்தை மதச் சண்டையாகக் காண்பதற்கு அக்கதையில் இடமே இல்லாமற் போயிற்று. சரித்திரம் சில மாதங்களே கொடுத்தவனுக்குப் பாட்டு மலை முழுவதையும் கொடுத்துவிட்டது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மற்றொன்று நம் செஞ்சி. அந்தக் கௌரவம் கற்களைக் காக்கலாம். கற்களின் பொருளைக் காப்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் கண்தான். செஞ்சிக்குப் போகிறவர்கள், படியேறுமுன் குழந்தைகளை அடிவாரத்தில் அரைமணி உட்காரவைத்து, காகிதமும் பென்சிலும் கொடுங்கள். படம் அழகாக வந்ததா என்று கேட்கவேண்டாம். எதை எழுதாமல் விட்டாய், ஏன் விட்டாய் என்று கேளுங்கள்.