ரசமட்டத்தைச் சோதிப்பவர் யார்?

கனகசெட்டிக்குளத்தில் எங்கள் வீடு கட்டப்பட்டபோது ஒரு நாள், சமையல் மேடைமீது மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. "மேடை சரியாக இருக்கிறது" என்றார். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் முழுவதும் ஒரே மூலைக்கு ஓடியது! "ரசமட்டம் பொய் சொல்லாதும்மா" என்றார் மேஸ்திரி. அப்பா அதே ரசமட்டத்தை முனை மாற்றி வைத்தார். குமிழி ஒரு கோடிக்குப் போய்விட்டது. பிழை மேடையில் மட்டுமன்று, அளக்கும் கருவியிலேயே இருந்தது.

தோழியரே, இதே போன்ற பிழை உலகப் புகழ்பெற்ற ஒரு தொலைநோக்கிக்கும் நேர்ந்தது என்றால் நம்புவீர்களா?

விண்வெளித் தொலைநோக்கியின் எல்லாப் பாகங்களையும் ஒரே நிறுவனம் செய்வதில்லை. பல நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்துச் செய்கின்றன. செய்யச் சொன்னவர்கள் மேற்பார்வை செய்கிறார்கள். அமெரிக்க நாசாவின் ஹப்பிள் தொலைநோக்கிக்கு 2.4 மீட்டர் அகலமான குழியாடியைச் செய்தது பெர்க்கின்-எல்மர் என்னும் நிறுவனம். 1990 ஏப்ரலில் ஹப்பிள் விண்ணை அடைந்தது. ஆனால் படங்கள் மங்கலாக வந்தன!

காரணம் என்ன? ஆடியைச் சோதித்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியிருந்தது. அக்கருவியை நம்பித் தேய்த்ததால் ஆடியின் ஓரம், தலைமுடிப் பருமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு, கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. வேறு சோதனைகள் பிழையைக் காட்டத்தான் செய்தன. அவை அவ்வளவு நுட்பமானவை அல்ல என்று ஒதுக்கிவிட்டனர். விசாரணைக் குழு, செய்த நிறுவனத்தோடு மேற்பார்வையில் தவறிய நாசாவையும் குறை கூறியது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டுவதுபோல் திருத்தும் ஆடிகளைப் பொருத்தினர்.

நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட், 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதனைப் பழுதுபார்க்க ஆள் அனுப்ப வழியில்லை. ஆகவே எல்லாச் சோதனையும் தரையிலேயே முடிந்தாக வேண்டும். அதன் புறஊதாத் தொலைநோக்கிக்கு உணர்கருவிகளைக் கனடா நாடு தந்தது. பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஹொசகோட்டேயில், தூசி வடிகட்டிய தூய அறையில் தொலைநோக்கியை இணைத்தனர். ஆடியில் மெல்லிய அழுக்குப் படிந்தாலும் புறஊதா ஒளி குறைந்துவிடும் அல்லவா? விண்ணுக்குச் சென்ற பின்னரும், பாகங்களிலிருந்து கசியும் வாயு ஆடியில் படியாமல் வெளியேறட்டும் என்று, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மூடியைத் திறக்காமல் காத்திருந்தனர். பொறுமை வீண்போகவில்லை. திட்டமிட்டதைவிடக் கூர்மையான படங்கள் கிடைத்தன.

எங்கள் மேடை இடிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. மேஸ்திரிக்கு மனவருத்தம்தான். "உங்களைச் சந்தேகப்படவில்லை மேஸ்திரி, மட்டத்தைத்தான் சந்தேகப்பட்டேன்" என்று அப்பா சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது. மறுநாள் புதிய ரசமட்டத்துடன் வந்தவர், முதலில் அதை முனை மாற்றி வைத்துப் பார்த்தார்.

கணக்குத் தேர்வில் போட்ட வழியிலேயே மீண்டும் போட்டுப் பார்த்தால், பிழையும் மீண்டும் வரக்கூடும். வேறு வழியில் சரிபார்ப்போம். விடை மாறி வந்தால், அதை ஒதுக்காமல் ஏன் என்று கேட்போம்.