பெரிய தலை, பெரிய புத்தியா?

கணக்கில் தவறு செய்யும் பையனை "மாட்டு மூளை" என்று திட்டுவது உண்டு. உத்திரமேரூர் ஏரிக்கரையில் மேயும் பசுவின் மூளை சுமார் அரைக் கிலோ. மனிதனுக்கு ஏறக்குறைய 1,400 கிராம். கோயில் யானைக்கு? நாலரைக் கிலோவுக்கு மேல்!

அப்படியானால், யானை நம்மைவிட மூன்று மடங்கு புத்திசாலியா?

இதை அறிய, பிரேசில் நாட்டுப் பெண் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ ஹூசெல் விநோதமான ஒரு வழி கண்டார். மூளையைக் கரைத்து ரசம் போல ஆக்கினார். நன்றாகக் கலக்கி, ஒரு துளியில் உள்ள அணுக்களை எண்ணினார். அதைக் கொண்டு முழு மூளைக்கும் கணக்குப் போட்டார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா?

ஆப்பிரிக்க யானை ஒன்றின் கணக்கு 2014-ல் வெளிவந்தது. மொத்தம் 25,700 கோடி நரம்பணுக்கள்! மனிதனுக்கு 8,600 கோடிதான்.

யானை ஜெயித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவற்றில் நூற்றுக்கு 97 பங்கு, பின்மண்டையில் உள்ள சிறுமூளையில் இருக்கின்றன. உடல் அசைவை ஒழுங்கு செய்வது சிறுமூளை. மரத்தையும் தூக்கி, கடலையையும் பொறுக்கும் துதிக்கைக்காகவே இத்தனை அணுக்கள் என்று கருதப்படுகிறது.

யோசிப்பதற்கு முக்கியமானது, மடிப்பு மடிப்பாக இருக்கும் பெருமூளைப் புறணி. யானையின் புறணி நம்முடையதைவிட இரு மடங்கு கனம். ஆனால் அதில் இருப்பது 560 கோடி அணுக்களே. மனிதனுக்கோ 1,600 கோடி!

மனிதன் மார்தட்டிக்கொள்ளலாமா? அதே 2014-ல், 'பைலட் திமிங்கிலம்' என்ற கடல் பிராணியின் புறணியை வேறு நிபுணர்கள் வேறு முறையில் எண்ணினார்கள். கிடைத்த கணக்கு: சுமார் 3,700 கோடி!