சர்ச்கேட் தொடருந்து நிலையம்

சர்ச்கேட் தொடருந்து நிலையம், மகாராட்டிர மாநிலத் தலைநகரான மும்பையின் தென்பகுதியில் உள்ள ஒரு புறநகர் தொடருந்து முனையம் ஆகும். மும்பை புறநகர் தொடருந்துப் போக்குவரத்தின் மேற்கு வழித்தடம் இங்கிருந்து தொடங்கி வடக்கு நோக்கிச் செல்கிறது. விரார் சுமார் 60 கி.மீ. தொலைவிலும், தகாணு ரோடு சுமார் 124 கி.மீ. தொலைவிலும் உள்ளன. இந்நிலையத்தை மேற்கு இரயில்வே நிருவகிக்கிறது. அதன் தலைமையகமும் நிலையத்தின் எதிரிலேயே அமைந்துள்ளது. நெடுந்தொலைவுத் தொடருந்துகள் எதுவும் இங்கு வருவதில்லை.

பெயர்க் காரணம்

பம்பாய்க் கோட்டைக்கு முன்பு மூன்று முதன்மை வாயில்கள் இருந்தன. அவற்றுள் புனித தோமையார் ஆலயத்திற்குச் செல்லும் வழியில் இருந்த வாயில் 'சர்ச் கேட்' எனப்பட்டது. 1860-களில் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டபோது அதுவும் மறைந்தது. அவ்வாயில் இருந்த பகுதியில் இன்று புளோரா நீரூற்று உள்ளது. பின்னர் அதற்கு மேற்கே அமைந்த தொடருந்து நிலையத்தில் வாயிலின் பெயர் நிலைத்துவிட்டது.

வரலாறு

பம்பாய், பரோடா மற்றும் மத்திய இந்திய இரயில்வே நிறுவனம் 1867 ஏப்ரல் 12 அன்று விராருக்கும் பம்பாய் பேக் பே பகுதிக்கும் இடையே முதல் உள்ளூர் தொடருந்தை இயக்கியது. அப்போது நாளொன்றுக்குத் திசைக்கு ஒரு வண்டி மட்டுமே ஓடியது. பின்னர் இவ்வழித்தடம் தெற்கே கொலாபா வரை நீண்டது. எனவே தொடக்க காலத்தில் சர்ச்கேட் ஓர் இடைநிலையமாகவே இருந்தது.

1928 சனவரி 5 அன்று கொலாபா - போரிவலி இடையே மின்சாரத் தொடருந்துகள் ஓடத் தொடங்கின. ஆனால் மூன்று ஆண்டுகள் முடிவதற்குள்ளாகவே கொலாபா முனையம் கைவிடப்பட்டது. பேக் பே கடற்பகுதியை நிலமாக்கும் திட்டத்தையொட்டி, சர்ச்கேட்டுக்குத் தெற்கே இருந்த தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. நெடுந்தொலைவு வண்டிகளுக்காக 1930 டிசம்பரில் பம்பாய் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் கொலாபா நிலையம் மூடப்பட்டதும், சர்ச்கேட் புறநகர் வண்டிகளின் தெற்கு முனையமானது.

செயல்பாடு

நிலையத்தில் நான்கு நடைமேடைகள் உள்ளன. தண்டவாளங்கள் இங்கேயே முடிவதால், பயணிகள் படியேறாமல் நடைமேடையின் தென்முனை வழியாக நேரே வெளியேறலாம். வண்டிகளின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உள்ளது. எனவே வந்த வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. மறுமுனையிலிருந்து ஓட்டிச் சில நிமிடங்களில் வடக்கு நோக்கி எடுத்துச் செல்கின்றனர். ஒரு வண்டி புறப்படத் தாமதித்தால், அந்த நடைமேடைக்கு வர வேண்டிய அடுத்த வண்டி வெளியே காத்திருக்க நேரிடும். நெரிசல் நேரத்தில் ஒரு நடைமேடையின் தாமதம் வழித்தடம் முழுவதையும் பாதிப்பது இதனால்தான்.

கோட்டைப் பகுதி, நாரிமன் முனை ஆகிய அலுவலகப் பகுதிகள் அருகில் இருப்பதால், காலையில் கூட்டம் இங்கு வந்து இறங்குகிறது. மாலையில் இங்கிருந்து ஏறுகிறது. மாலையில் இருக்கை பிடிப்பதற்காக மரைன் லைன்ஸ், சர்னி ரோடு போன்ற அடுத்த நிலையங்களில் இருப்போர் எதிர்த்திசையில் சர்ச்கேட்டுக்கு வந்து, அதே வண்டியில் திரும்புவதும் உண்டு. நண்பகலுக்கு முன் டப்பாவாலாக்கள் உணவு அடுக்குகளை இங்கு இறக்கி, நிலையத்துக்கு வெளியே தெருவாரியாகப் பிரித்து அலுவலகங்களுக்குக் கொண்டு செல்கின்றனர்.

1992 மே 5 அன்று மகளிருக்கு மட்டுமான சிறப்புத் தொடருந்து சர்ச்கேட் - போரிவலி இடையே அறிமுகமானது. 2017 டிசம்பர் 25 அன்று குளிரூட்டப்பட்ட முதல் உள்ளூர் தொடருந்து போரிவலியிலிருந்து சர்ச்கேட் வரை ஓடியது.

விபத்தும் தாக்குதலும்

2006 சூலை 11 மாலை, சர்ச்கேட்டிலிருந்து புறப்பட்டு வடக்கே சென்றுகொண்டிருந்த வண்டிகளின் முதல் வகுப்புப் பெட்டிகளில் சில நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

முனைய நிலையத்திற்கே உரிய ஆபத்து 2015 சூன் 28 அன்று வெளிப்பட்டது. பயந்தரிலிருந்து வந்த வண்டி உரிய இடத்தில் நிற்காமல், தண்டவாள முடிவில் இருந்த தடுப்பை மோதி நடைமேடை மீது ஏறியது. சிலர் காயமடைந்தனர், உயிரிழப்பு ஏற்படவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலைநாட்களைப் போன்ற கூட்டம் அங்கு இல்லை.

மெட்ரோ இணைப்பு

மும்பை மெட்ரோவின் 3-ஆம் வழித்தடம் 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. சர்ச்கேட்டிலும் இதற்கு ஒரு சுரங்க நிலையம் உள்ளது. கஃப் பரேடு, பழைய கொலாபா முனையம் இருந்த பகுதிக்கு அருகில் உள்ளது. கொலாபா முனையம் மூடப்பட்ட பின், சர்ச்கேட்டிலிருந்து தெற்கே செல்வோர் சாலைப் போக்குவரத்தையே நம்பியிருந்தனர். சுமார் 95 ஆண்டுகளுக்குப் பின் அத்திசையில் மீண்டும் தொடருந்து செல்கிறது, இம்முறை நிலத்தடியில். புறநகர் வண்டிகளுக்குச் சர்ச்கேட் இன்றும் கடைசி நிலையமாகவே உள்ளது.