கைவசம் நாலு வரி – 9: ஏறாவூரில் இரண்டு எச்

கோயில் பரிபாலன சபை தரும் பென்டிரைவில் பழைய கும்பாபிஷேக மலர் இருக்கும். பாடசாலை தருவதில் நூற்றாண்டு மலர். கூத்து அண்ணாவிமார் தருவதில், ஏட்டைப் பார்த்துத் தட்டச்சுச் செய்த கூத்துப் பாட்டு. மட்டக்களப்பில் இணையத்தளம் செய்து கொடுக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அநேகமாக எல்லாம் பாமினி எழுத்துருதான் என்பார்கள். பிரதியெடுத்து இணையப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வந்து விழும்.

பாமினி வெறும் வேஷம். கோப்புக்குள் இருப்பது ஆங்கில விசைகள். கண்ணுக்கு மட்டும் தமிழ். சின்ன கே இருக்கும் இடத்தில் 'ம' தெரியும், எல்லில் 'ட', எஃப்பில் 'க'. எழுத்துருவைக் கழற்றினால் மட்டக்களப்பு என்பது கே, எல், அரைப்புள்ளி, எல் என்று தொடங்கும். கூகுளில் ஊர்ப்பெயரைத் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது. யுனிகோடில் தமிழ் 1991இலேயே இடம் பிடித்துவிட்டது. இலங்கையும் 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்று தமிழுக்குத் தரநிர்ணயம் கொண்டுவந்தது. அச்சகங்களின் விரல்கள்தான் பழைய பழக்கத்தை விடவில்லை.

ஆகவே இந்த வாரம் பாமினியை யுனிகோடாக்கும் ஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்டில் ரீப்ளேஸ் வரிகளை அடுக்கினால் போதும் என்று பலரும் இறங்குவார்கள். அடுக்கும் ஒழுங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. கொக்கட்டிச்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் கொம்பு முதலில், பிறகு 'க', பிறகு அரவு. கண்ணுக்குத் தெரியும் அதே வரிசை. யுனிகோடில் 'க' முதலில் வரவேண்டும். தனி விசைகளை முதலில் மாற்றிவிட்டால் கொம்பு முன்னால் அநாதையாக நிற்கும், திரையில் புள்ளி வட்டம் தெரியும். எனவே மூன்று விசைச் சேர்க்கைகள் முதலில், இரண்டு விசை அடுத்து, தனி விசை கடைசியில்.

ஏறாவூர் இன்னும் பொல்லாதது. அதில் சின்ன எச் இரண்டு முறை வருகிறது. முதல் எச் 'றா'வின் அரவு. இரண்டாவது, குற்றோடு சேர்ந்து 'ர்'. எச்சும் அரைப்புள்ளியும் சேர்ந்து வந்தால் 'ர்' என்ற விதி முன்னால் இல்லாவிட்டால், ஊரின் கடைசி எழுத்து அரவும் குற்றுமாகச் சிதறிவிடும். உங்கள் மாற்றியைச் சோதிக்க இந்த இரண்டு ஊர்ப்பெயரையும் முதலில் கொடுத்துப் பாருங்கள். இவை தேறினால் பெரும்பாலானவை தேறும்.

ஒரு தொல்லை மீதி இருக்கிறது. மலரில் இடையே வரும் மின்னஞ்சல் முகவரியும் ஆங்கிலப் பெயரும் தமிழாகி உளறும். வேர்ட் கோப்பு என்றால், பைத்தானின் டாக்எக்ஸ் நூலகம் ஒவ்வொரு துண்டின் எழுத்துருப் பெயரையும் சொல்லும். பாமினி என்றுள்ள துண்டை மட்டும் மாற்றுங்கள். எழுத்துரு ஸ்டைலில் குறிக்கப்பட்டிருந்தால் துண்டில் பெயர் வெறுமையாக இருக்கும், அங்கேயும் பார்க்க வேண்டும். முழு அட்டவணையையும் நீங்களே எழுதிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' பைத்தான் நூலகத்தில் பாமினி உட்படப் பழைய குறியாக்கங்களுக்கு மாற்றி உண்டு, இலவசமாகவே.

மாற்றிய பிறகு ஒரு வரி: நோர்மலைஸ், என்எஃப்சி. 'கொ'வின் கொம்பும் அரவும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு வேறுபாடே இல்லை, தேடலில் மட்டும் அகப்படாது. இந்த வரியைச் சேர்க்காத தளத்தை நான் முடிந்த தளம் என்று சொல்லமாட்டேன்.

தலைப்பைச் சுருக்கும் ஸ்லைஸிலும் கவனம். மட்டக்களப்புக்கு எட்டு எழுத்து என்பது நமக்குத் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் பன்னிரண்டு என்று எண்ணும். எட்டோடு வெட்டச் சொன்னால் 'மட்டக்கள' என்று நிறுத்திவிடும். ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்டெல் செக்மென்டர் சரியாக எண்ணும். பயர்பாக்ஸ் 2024இல்தான் அதை ஏற்றது, ஆகவே பழைய உலாவிகளையும் நினைவில் வையுங்கள்.

ஊர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போதும் இதே கதைதான். வெறும் சோர்ட் போட்டால் கன்னன்குடா முன்னுக்கும் கல்லடி பின்னுக்கும் வரும், ஏனென்றால் யுனிகோட் அட்டவணையில் 'ன'வுக்கு 'ந'வுக்கு அடுத்த இடம். இன்டெல் கொலேட்டருக்குத் தமிழ் என்று சொல்லிக் கொடுத்தால் கல்லடி தன் இடத்துக்கு வந்துவிடும்.

மாற்றி முடிந்ததும் பாமினி மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரிப்டில் ஒரு விதி பிழைத்திருந்தால், திருத்தி மறுபடி ஓட்ட அதுதான் வேண்டும். அடுத்த வாரம், படிவங்களில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்க்கும் வரிகள்.