ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே

பன்னிரண்டு வாரம் நன்றாக மேய்ந்த கோழி ஒருநாள் காலையில் ஒரு காலை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் நீட்டிப் படுத்துவிடும். தீவனத் தட்டு ஒரு முழத்தில் இருக்கும், எழுந்து போக முடியாது. அறுத்துப் பார்த்தால் தொடை நரம்பு ஒரு பக்கம் மட்டும் கயிறுபோலத் தடித்திருக்கும். குஞ்சு விற்றவர், "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்பார். அந்தப் பழியை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இது மேரக்ஸ் நோய். 1907இல் ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் இதை முதலில் விவரித்தார். இறகுத் தூசியில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் தாங்கும். மனிதருக்குத் தொற்றாது.

ஒரே கொட்டகை, ஒரே தூசி. ஆனாலும் ஒன்று சாகிறது, பக்கத்துக் கோழி முட்டையிடுகிறது. காரணம் பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கிறது. கோழியின் 16ஆம் குரோமோசோமில் 'பி' என்ற மரபணுத் தொகுதி உண்டு. கிருமியின் துணுக்கை உடம்பின் காவல் அணுக்களுக்கு அடையாளம் காட்டுவது அதன் வேலை. மனிதரைவிடக் கோழியில் அது மிகச் சிறியது என்பதால், எந்த வகை வாய்த்தது என்பது பெரிதாகிவிடுகிறது. பி21 வகை மேரக்ஸை நன்றாகத் தாங்கும், பி19 எளிதில் விழும். ஒரு நோயைத் தாங்குவது எல்லா நோயையும் தாங்கும் என்றில்லை. 'நாட்டுக்கோழிக்கு நோயே வராது' என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் முற்றமே காலியாகும்.

மேரக்ஸ் தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த அன்றே, பொரிப்பகத்திலேயே போட வேண்டும். திரவ நைட்ரஜனில் வைத்திருந்த மருந்து, உருக்கிய ஓரிரு மணி நேரத்தில் வீரியம் இழக்கும். தடுப்பூசி இந்த நோயால் வரும் கட்டியைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. ஆகவே குஞ்சுகளைப் பெரிய கோழிகளிடமிருந்து பிரித்தே வளருங்கள்.

வாங்கும்போதே இனத்தின் பெயர், தடுப்பூசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கோழிகள் விழ ஆரம்பித்தால் எல்லாவற்றையும் புதைத்துவிடாமல், அப்போதுதான் செத்த ஒன்றை ஐஸ் வைத்து அரசு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை அறிக்கை கேளுங்கள்.

விற்றவரிடம் இழப்பீடு கேட்டால், "நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை" என்பார்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலாக வளர்ப்பவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நுகர்வோராகவே ஏற்கிறது. மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீதும் பரிசோதனை அறிக்கையும் கையில் இருக்க வேண்டும்.