அரைக் கரண்டிப் பால்மா

ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து வந்த அந்தக் குழந்தைக்கு மூன்று மாதமும் சில நாட்களும் வயது. வலிப்போடு தூக்கி வந்தார்கள். காய்ச்சல் இல்லை, எங்கும் விழவில்லை, தலையில் அடியில்லை. இரத்தத்தில் சோடியம் மிகக் குறைந்திருந்தது. பால் எப்படிக் கரைக்கிறீர்கள் என்று கேட்டேன். குழந்தையின் அம்மாயி, அம்மாவைப் பெற்ற பாட்டி, பதில் சொல்லவில்லை. பைக்குள் கைவிட்டுப் போத்தலை எடுத்து என் மேசையில் வைத்தார். அதில் கால்வாசிப் பால் இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். போத்தலின் அந்தப் பக்கம் இருந்த என் விரல்கள் பாலுக்கூடாகத் தெரிந்தன.

"ஒரு கரண்டி போடுற எடத்துல அரைக் கரண்டி போட்டேங்க டொக்டர். டின்னு சீக்கிரம் முடிஞ்சிருது."

மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்விளிம்பைச் சுற்றி காய்ந்த பால் மஞ்சள் வளையமாகப் படிந்திருந்தது. சூப்பியின் துளையை யாரோ ஊசியைச் சுட்டுப் பெரிதாக்கியிருந்தார்கள். குழந்தை சீக்கிரம் குடித்து முடிக்கட்டும் என்றுதான் செய்திருப்பார்கள். அந்தத் துளையின் ஓரம் பிசிறு பிசிறாக, விரல் நகம் நுழையும் அளவுக்கு இருந்தது.

அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் முதல் வெட்டு, அதாவது வலிப்பு, வந்தது முந்தின நாள் மாலை. இரவு முழுவதும் விபூதி பூசி, நாவூறு கழித்து, விடிந்த பிறகுதான் ஓட்டோ பிடித்திருக்கிறார்கள். மாத்தளையில் வேலை செய்யும் எனக்கு இந்தக் கதை புதிதல்ல. அண்மைய மாதங்களில் அடிக்கடி கேட்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

"பால் காணாது" என்ற ஒரு சொல்

போத்தலோடு வரும் பத்துத் தாய்மாரிடம் ஏன் பால்மா தொடங்கினீர்கள் என்று கேட்டால், ஒன்பது பேர் இதைத்தான் சொல்கிறார்கள். பால் காணாது, பால் பத்தவில்லை, புள்ளை அழுதுகொண்டே இருந்தது. யார் சொன்னது என்று கேட்டால் மாமியார், பக்கத்து லயத்து அக்கா, சில வேளை மருந்துக்கடைத் தம்பி. குழந்தையை நிறுத்துப் பார்த்துச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

பிறந்த குழந்தையின் வயிறு முதல் நாளில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அந்த நாளில் ஒரு தடவைக்கு ஊறும் சீம்பாலும் அந்த அளவுதான். குழந்தை அடிக்கடி அழும், அடிக்கடி குடிக்கும். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும், இரண்டாவது வாரம் முடிவதற்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு தடவையாவது நன்றாக நனைக்கிறது, எடை ஏறுகிறது என்றால் பால் போதும். அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது. பசியில்லாமலும் குழந்தை அழும்.

மார்பு இறைக்கிற கிணறு மாதிரி. இறைக்க இறைக்கத்தான் ஊறும். "ஒரு நேரம் மட்டும் போத்தல் கொடுத்தேன்" என்கிறார்கள். அந்த ஒரு நேரம் குழந்தை மார்பை இழுக்கவில்லை, மார்பு அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் குறைவாக ஊறுகிறது. உடனே "பார்த்தீங்களா, நான் சொன்னேனே, பால் இல்லை" என்கிறார் மாமியார். இரண்டாம் போத்தல் வருகிறது. மூன்றாவது வாரத்தில் பால் உண்மையாகவே வற்றிவிடுகிறது. வராத நோய்க்குக் கொடுத்த மருந்து அந்த நோயைக் கொண்டுவந்து விடுகிறது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறா எல்லாம் தாய்க்கு நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் குழந்தையை மார்போடு சரியாகச் சேர்த்துப் பிடிக்கத் தெரியாவிட்டால் சுறா என்ன செய்யும்? காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வெடிப்பும் வலியும்தான் மிச்சம். கருவட்டத்தின் பெரும்பகுதி குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். இதை உங்கள் குடும்ப நல உத்தியோகத்தர், நீங்கள் மிட்வைப் அம்மா என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கே வந்து காட்டித் தருவார். கேட்க வெட்கப்படாதீர்கள்.

மற்ற நம்பிக்கைகள்

சீம்பால் மஞ்சளாக இருப்பதால் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொட்டிவிட்டு, தேனில் தங்கம் உரைத்து நாவில் வைக்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் பெருகி நரம்புகளை முடக்கிவிடும்.

வெயிலில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த தாயின் பால் "சூட்டுப் பால்", அதைக் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும் என்கிறார்கள். வராது. வியர்வையைத் துடைத்துவிட்டு, ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுக்கலாம். தாய்க்குத் தடிமன், காய்ச்சல் என்றால் நிறுத்த வேண்டும் என்பதும் தவறு. அந்தக் காய்ச்சலுக்கு எதிராகத் தாயின் உடம்பு உண்டாக்கும் காப்பு, பால் வழியாகத்தான் குழந்தைக்குப் போகிறது.

ஆறு மாதத்துக்குள் கொத்தமல்லித் தண்ணி, சீனித் தண்ணி, வெறும் சுடுதண்ணி எதுவும் வேண்டாம். வசம்பும் வேண்டாம். தயவுசெய்து பிளேன்டீ வேண்டாம். தேயிலைச் சாயம், குழந்தை சாப்பாட்டிலிருந்து எடுக்கவேண்டிய இரும்புச் சத்தைத் தடுத்துவிடும். போத்தலில் பிளேன்டீ நிரப்பி மாரி பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுத்த நாலு மாதக் குழந்தையைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை கடதாசி போல் வெளுத்திருந்தது.

பெரியவர்கள் தேநீருக்குப் போடும் பால்மாவும் குழந்தைப் பால்மாவும் ஒன்றல்ல. பசுப்பால், டின்பால், ஆட்டுப்பால் எதுவும் ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. பசுப்பாலில் உப்பும் புரதமும் குழந்தையின் சிறுநீரகம் தாங்கும் அளவைத் தாண்டியவை. குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் உண்டாகலாம். டின்பாலில் இருப்பது பெரும்பாலும் சீனி.

"போத்தல் புள்ளை கொழுகொழுன்னு இருக்கு" என்று பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். குழந்தையின் எடைக்கோடு கிளினிக் கொப்பியில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இல்லை.

டின் எத்தனை நாள் வரும்?

ஐந்தரைக் கிலோ குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் குடிக்கும். அதற்கு நூறு கிராமுக்குச் சற்று அதிகமான பால்மா வேண்டும். 400 கிராம் டின் நாலு நாள் தாங்காது. மாதத்துக்கு எட்டு டின். தோட்டத் தொழிலாளிக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வந்தது, 2024இல் அது 1,350 ஆயிற்று. முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், கிடைக்காத நாட்களும் உண்டு. எட்டு டின் வாங்க எத்தனை பேர் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அம்மாயி அரைக் கரண்டி போட்டது அறியாமையால் மட்டுமல்ல. 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாய்க்கு விற்ற 400 கிராம் சாதாரணப் பால்மா பைக்கற், 2022 மார்ச்சில் 790 ரூபாய்க்குப் போனது. பாலில் தண்ணீர் கூட்டும் பழக்கம் பொருளாதார நெருக்கடியின் அந்த வரிசைக் காலத்தில் பல வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் கூடினால் குழந்தையின் இரத்தத்தில் உப்பு குறைந்து, மூளை வீங்கி, வலிப்பு வரும். வலிப்பு வராத குழந்தை நாளுக்கு நாள் மெலியும். பாசத்தில் ஒரு கரண்டி கூடப் போடுவதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு ஏறி நீர் வற்றும்.

புயலுக்குப் பிறகு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மண்சரிவு, உடைந்த பாதை, சேற்று நீர் வந்த பீலி. பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் தங்கியிருந்தவர்களுக்கு நல்ல மனம் படைத்தவர்கள் லொறி லொறியாகப் பொருள் கொண்டுவந்தார்கள். அரிசி பருப்போடு பால்மாவும் போத்தலும் இருந்தன. அதுவரை மார்பில் குடித்த குழந்தைகளுக்கும் அவை கொடுக்கப்பட்டன. விறகு நனைந்திருந்த இடத்தில், போத்தலைக் கொதிக்கவைக்கச் சட்டி இல்லாத இடத்தில்.

2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது இதே நடந்தது. தானமாக வந்த பால்மா குடித்த குழந்தைகளிடம் வயிற்றோட்டம் மற்றக் குழந்தைகளை விட இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததை அங்கே ஆராய்ந்து கண்டார்கள். பயத்தில் பால் வற்றிவிடாது. கொஞ்ச நேரம் இறங்க மறுக்கும். தாயை ஒரு மூலையில் அமைதியாக உட்காரவைத்து, தோளில் ஒரு துணியைப் போர்த்தி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்தால் இறங்கிவிடும். அடுத்த முறை நிவாரணம் கொண்டுவருகிறவர்கள் தாய்க்குச் சாப்பாடு கொண்டுவாருங்கள். தாயில்லாத குழந்தை இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டுவிட்டுப் பால்மா கொடுங்கள்.

மருந்துக்கடைக்கு முதலில் போகாதீர்கள்

போத்தல் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்ததும் பெரியவர்களுக்கு வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறார்கள். இதை எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! அந்த மாத்திரையில் இருக்கும் லோபராமைட் பச்சைக் குழந்தையின் குடலை அசையாமல் நிறுத்திவிடும். போவது நின்றதும் சுகமாகிவிட்டது என்று நினைப்பீர்கள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகும். போன முறை அண்ணனுக்குத் தந்த அன்டிபயோட்டிக் சிரப்பின் மிச்சத்தைத் தம்பிக்கு ஊற்றுவதும் அப்படித்தான். வீட்டில் வைத்தியம் பார்க்கும் அந்த இரண்டு நாளில்தான் குழந்தையை இழக்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். தாய்ப்பாலும் குடிக்கிற பிள்ளையென்றால் அதை நிறுத்தாமல், பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே எங்களிடம் வாருங்கள். சோதனைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், குழந்தை துவண்டு பால் குடிக்க மறுத்தால், ஒரே ஒரு வெட்டு வந்தாலும், விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கரைத்தே ஆக வேண்டும் என்றால்

சில குழந்தைகளுக்குப் பால்மா வேண்டும்தான். தாய் இறந்திருப்பார், அல்லது புற்றுநோய்க்கு மருந்து எடுப்பார். அந்தக் குடும்பங்களைக் குற்றவாளிபோல் பார்க்காதீர்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டின்னுக்குள் இருக்கும் மா கிருமியற்றது என்று நினைக்க வேண்டாம். 2022இல் அமெரிக்காவில் ஒரு பெரிய பால்மா தொழிற்சாலையை மூடும்படி ஆனது குரோனோபாக்டர் என்ற கிருமியால்தான். அதனால் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 70 பாகைக்குக் குறையாத சூடு. வெப்பமானி வேண்டாம். கொதித்த தண்ணீரை மூடிவைத்து அரை மணி நேரத்துக்குள் கரைத்துவிடுங்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு அந்த டின்னுக்குள் வந்த கரண்டியால் தலைதட்டிப் போடுங்கள். ஒரு வகையில் 30 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி, இன்னொன்றில் 60க்கு ஒரு கரண்டி. டின் மாறினால் கரண்டியும் மாறும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்து இரண்டு மணி நேரம் தாண்டினாலும், குழந்தை குடித்து மிச்சம் வைத்தாலும் ஊற்றிவிடுங்கள். மனம் கேட்காது என்று தெரியும். ஊற்றிவிடுங்கள்.

தம்புள்ளை, கலேவெலை பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சில கிணறுகளில் புளோரைட் அதிகம். கொதிக்கவைத்தால் அது போகாது. சுத்திகரித்த தண்ணீரையே எடுங்கள்.

போத்தலை விட, வாய் அகன்ற சின்ன எவர்சில்வர் கோப்பை எவ்வளவோ மேல். பிறந்த குழந்தைகூடக் கோப்பையிலிருந்து நக்கிக் குடிக்கும். கோப்பையில் சூப்பி இல்லை, திருகு இல்லை, மஞ்சள் வளையம் ஒளிந்திருக்க இடமில்லை.

வேலைக்குப் போகும் தாய்க்கு

பால்மா விளம்பரத்தைத் தடுக்கும் கோவையை உலக சுகாதாரப் பேரவை 1981இல் ஏற்றது. இலங்கை 1983லேயே அதைச் சட்டமாக்கியது. 2016இல் எடுத்த கணக்கில் ஆறு மாதத்துக்குட்பட்ட நம் குழந்தைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பெருமைப்பட வேண்டிய நாடுதான். ஆனால் மலையிலுள்ள தாய் பேற்றுக்குப் பின் ஏறத்தாழ பத்து வாரத்தில் மலையேற வேண்டும், குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும். இடையில் உள்ள நாட்களை யார் தருவது?

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை தருகிறது. தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணி வீதம், இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். கங்காணிமாரே, தோட்டத் துரைமாரே, அந்த நேரத்தைக் குறைக்காதீர்கள், அதற்காகப் பேரை வெட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். தங்கச்சி, நீ காலையில் புறப்படும் முன் கையைக் கழுவி, பாலைக் கையால் பீய்ச்சி, மூடிபோட்ட சுத்தமான கோப்பையில் வைத்துவிட்டுப் போ. வெயில் படாத இடத்தில் நாலு மணி நேரம் கெடாது. அம்மாயி கரண்டியால் ஊட்டட்டும். பால் நின்றுபோய்விட்டது என்றாலும் வா. அடிக்கடி மார்பில் போட்டால் பலருக்குத் திரும்ப ஊறும், அதற்கு நாங்கள் கூட இருப்போம்.

அம்மாயிமாரே, பிள்ளைக்கு ஏதாவது என்றால் அந்தப் போத்தலையும் டின்னையும் கரண்டியையும் அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எவ்வளவு போட்டீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நான் திட்டமாட்டேன்.