நன்றாக இருக்கும் நாளிலும் ஒரு பஃப்

வீசிங் வரும் குழந்தைக்கு மருத்துவர் பெரும்பாலும் இரண்டு இன்ஹேலர்களை எழுதிக் கொடுப்பார். ஒன்று, இரைக்கும்போது கொடுப்பது. அதில் உள்ள சால்புடமால், இறுகிப்போன மூச்சுக்குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். மற்றது தினமும் கொடுப்பது. அதில் புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்று மிகக் குறைந்த அளவில் இருக்கும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள வீக்கத்தை ஆற்றுவது இதன் வேலை. கொடுத்தவுடன் எந்த மாற்றமும் தெரியாது; முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

வீடுகளில் பிசகுவது இங்கேதான். குழந்தை இரைக்கும்போது, தினமும் கொடுக்க வேண்டிய தடுப்பு மருந்தை அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது அப்போது உதவாது. குழந்தை தேறியதும், "இப்ப நல்லாத்தானே இருக்கான், இனி எதுக்கு?" என்று நிறுத்திவிடுவார்கள், நன்றாக இருப்பதே அந்த மருந்தால் என்பது அடுத்த மழைக்காலச் சளியில் தெரியவரும். இன்ஹேலரின் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றின்மேல் "தினமும்" என்றும் மற்றதன்மேல் "இரைத்தால் மட்டும்" என்றும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பாட்டி கொடுத்தாலும் பக்கத்து வீட்டில் கொடுத்தாலும் மாறாது.

ஸ்டீராய்டு என்றால் பயமா?

பயம் இயல்பானது. அளவைப் பார்த்தால் அது தெளியும். இரைப்பு கடுமையாகும்போது 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாய்வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஸ்டீராய்டு தர வேண்டிவரலாம். அது 10,000 மைக்ரோகிராம். இன்ஹேலரின் ஒரு பஃப்பில் இருப்பதோ 50, 100, 200 என்ற மைக்ரோகிராம் கணக்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. தினசரி மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால், அந்தப் பெரிய அளவு தேவைப்படும் நாள்கள் குறையும்.

வளர்ச்சி பாதிக்குமா என்ற கேள்விக்கும் நேரான பதில் உண்டு. வட அமெரிக்காவில் 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் புடசோனைடு, 4 முதல் 6 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வந்த முடிவின்படி, அவர்கள் பெரியவர்களானபோது உயரம், போலி மருந்து பெற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. குறைவாக இருந்தது. பாதிப்பு இல்லாமல் இல்லை, ஆனால் சிறியது. அடங்காத ஆஸ்துமா தூக்கத்தையும் ஓட்டத்தையும் பள்ளிக்கூடத்தையும் பறிக்கும். சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே வழி, மருந்தை விலக்குவதல்ல. இரைப்பை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவைப் பிடிப்பது. அதற்காகத்தான் மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் உயரத்தை அளந்து குறிப்பது. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, தோலில் தடவும் களிம்பு ஆகியவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். அவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொடுக்கும் முறை

கேப்சூல் போட்டு உறிஞ்சும் பவுடர் இன்ஹேலருக்குப் பலமான உறிஞ்சல் வேண்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளால் அது முடியாது. அவர்களுக்கு ஏற்றது, ஸ்பேசர் என்னும் இடைக்குழாயுடன் கூடிய பஃப் இன்ஹேலர். ஸ்பேசர் இல்லாமல் அடித்தால் மருந்து வேகமாகப் பாய்ந்து தொண்டையில் படிந்துவிடும். ஏறத்தாழ 4 வயதுவரை மாஸ்க் தேவை. பிறகு வாய்முனையை உதடுகளால் கவ்வப் பழக்கலாம்.

குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடி முகத்தோடு ஒட்டியிருக்கட்டும். சிறு இடைவெளி இருந்தாலும் மருந்தில் பெரும்பகுதி வெளியே போய்விடும். ஒரு பஃப் அழுத்திவிட்டு, குழந்தை 5 அல்லது 6 முறை இயல்பாக மூச்சு விடும்வரை எடுக்காதீர்கள். இரண்டாவது பஃப் தேவையென்றால் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கிக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தக் கூடாது.

அழும் குழந்தைக்கு அழுத்திப் பிடித்துக் கொடுத்தால் மருந்து நுரையீரலுக்கு மிகக் குறைவாகவே போகும். வெறும் மாஸ்க்கைப் பொம்மைக்கு வைத்து, அம்மா தன் முகத்தில் வைத்துக் காட்டி, சில நாள் விளையாட்டாகப் பழக்குங்கள். முடிந்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள். முடியாத குழந்தைக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். மாஸ்க் பட்ட இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். வாயைச் சுத்தம் செய்யாவிட்டால் அங்கே வெண்படலமாகப் பூஞ்சைத் தொற்று வரலாம். பல் துலக்குவதற்கு முன் பஃப் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஸ்பேசரை மாதம் ஒருமுறை சோப்பு நீரில் ஊறவைத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும். இன்ஹேலரில் பஃப்களை எண்ணிக் காட்டும் வசதி இல்லாவிட்டால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 200 பஃப் உள்ளதில் காலை 2, இரவு 2 என்றால் 50 நாள். அதன்பிறகும் ஏதோ வெளியே வரும். அதில் மருந்து இருக்குமென்று சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியவை

சில குழந்தைகளுக்கு மான்டிலுகாஸ்ட் மாத்திரை கொடுப்பார்கள். அதனால் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், தூக்கக்கேடு போன்ற மனநிலை மாற்றங்கள் வரக்கூடும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. அப்படி ஏதும் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறு வயது வீசிங் எல்லாமே ஆஸ்துமா அல்ல. வைரஸ் சளியோடு வந்து, வளர வளர நின்றுபோவதும் உண்டு. எனவே 2, 3 மாதங்களில் மருத்துவர் மறுபடி பார்த்து, அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, நிறுத்துவதா என்று முடிவு செய்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள். போகும்போது ஸ்பேசரையும் எடுத்துப் போய், அவர் முன்னால் ஒருமுறை கொடுத்துக் காட்டுங்கள். வீட்டில் சிகரெட், கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை இருந்தால் எந்த மருந்தும் திணறும்.

மூச்சு வாங்கும்போது விலா எலும்பிடையே குழிவிழுந்தாலோ, பேசவோ பால் குடிக்கவோ முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தை துவண்டாலோ சால்புடமாலைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

இன்று இரவே அந்த இரண்டு இன்ஹேலர்களையும் எடுத்துப் பெயர் எழுதி ஒட்டுங்கள். குழந்தை இரைப்பில்லாமல் தூங்கும் இரவுகளிலும், தினமும் கொடுக்க வேண்டியதை மறவாமல் கொடுங்கள்.